மழை பெய்கிற கடற்கரை

எங்கள் ஊர்ப் பெண்கள் சத்தீஸ்கரில் மழை பெய்ய வேண்டும் என்று சாமி கும்பிடுவோம். கேட்கிறவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். திருச்செங்கோட்டில், ஊர் ஊராகப் போய் போர்வெல் போடுகிற ரிக்கு வண்டிக்காரருக்கு வாழ்க்கைப்பட்டுப் பார்த்தால்தான் தெரியும். வடக்கே மழை இறங்கிவிட்டால் ரிக்கு வண்டி வயலுக்குள் போகாது, சேற்றில் புதைந்துவிடும். போர் போடச் சொல்லி யாரும் கூப்பிடவும் மாட்டார்கள். அப்போதுதான் வண்டிகள் வரிசையாக ஊர் திரும்பும், வண்டியோடு எங்கள் வீட்டுக்காரர்களும் வருவார்கள். மற்ற மாதமெல்லாம் அவர்கள் போனுக்குள்தான் குடியிருப்பு.

என் வீட்டுக்காரர் தமிழரசுவும் அப்படித்தான். மாசியில் கல்யாணம். கல்யாண மாலை காய்வதற்குள் வண்டி ஏறிப் போனவர் ஆடியில் திரும்பி வந்தார். ஆடியில் புதுப் பெண்ணும் மாப்பிள்ளையும் சேர்ந்திருக்கக் கூடாது என்று, அதற்கு முந்தின வாரம்தான் என்னை என் அம்மா வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தார்கள். மனுஷன் ஊருக்கு வருவதே ஆடி மழையில், அப்போது பார்த்துப் பெண்டாட்டியைப் பிரித்து வைத்தால் அது என்ன நியாயம்? நான் அழுத அழுகையைப் பார்த்து என் அம்மா, "மானம் போகுது, வாய மூடு மைதிலி" என்றாள்.

அடுத்த வருஷம், வடக்கே மழை விடுகிற சமயமாகப் பார்த்து ஏற்காடு கூட்டிக்கொண்டு போனார். பாதி மலை ஏறும்போதே போன் வந்துவிட்டது. குழிக்குள் ராடு மாட்டிக்கொண்டதாம். கார் அப்படியே திரும்பியது. சேலம் ஜங்ஷனில் அவர் ரயில் ஏறினார், நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். பக்கத்து சீட்டுக்காரம்மா "தனியாவா கண்ணு போற?" என்று கேட்டதற்குப் பெட்டியை மடிமேல் இழுத்து வைத்துக்கொண்டேன்.

பிறகு மகள் பிறந்தாள், இப்போது ஆறாவது படிக்கிறாள். நான் இன்னும் கடலைப் பார்த்ததில்லை. அது ஒன்றும் பெரிய குறை இல்லை. நானும் இவரும் மட்டும், வேறு யாரும் இல்லாமல், ஒரு முழு நாள் சேர்ந்து இருந்ததில்லை. அதுதான் என் குறை. ஊருக்கு வந்தாலும் வண்டிக்குப் பெயிண்ட் அடிக்க வேண்டும், கம்ப்ரசரைப் பிரித்து மாட்ட வேண்டும், பங்காளி வீட்டுக் கல்யாணங்களுக்குப் போக வேண்டும். மிச்சம் மீதி இருந்தால்தான் எனக்கு.

இந்த ஆடியில் அவர் வந்திறங்கியதும் சாப்பாடு போட்டுக்கொண்டே சொல்லிவிட்டேன்.

"ஏனுங்க, இந்த வருசம் கடலுக்குப் போறோம். நீங்களும் நானும் மட்டும்."

"கடல்ல என்ன இருக்குது? ஒரிசாவுல கடலோரமாவே ரெண்டு போர் போட்டேன். ரெண்டும் உப்புத் தண்ணி."

"நானென்ன போர் போடவா கூப்புடறேன்?"

சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். "சரி, ராமேஸ்வரம் போலாம்."

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த என் மாமியார் நிமிர்ந்தார். "ராமேஸ்வரமா? அப்ப நானும் வாரேன் சாமி. ஆடி அமாவாசைக்கு உங்கப்பனுக்குத் திதி குடுத்தாப்பலயும் ஆச்சு."

"அதுவுஞ் சரிதான்" என்று இவர் தலையாட்டுகிறார்! புருஷனோடு உல்லாசமாக ஊர் சுற்றலாம் என்று நான் நினைத்தால், பிண்டம் வைக்கக் கூட்டிப் போகிற ஆளை என்ன செய்வது? கரண்டியைக் குழம்புக்குள் போட்டுவிட்டு எழுந்து போய்விட்டேன்.

மறுநாள் சங்ககிரி ரோட்டில் இருக்கும் டிராவல்ஸ் ஆபீஸுக்கு அவரை இழுத்துக்கொண்டு போனேன். அதை நடத்துகிற சௌந்திரம் பள்ளிக்கூடத்தில் எனக்கு இளையவள். கம்ப்யூட்டரை எங்கள் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, "எந்தக் கடலுங்கக்கா வேணும்?" என்றாள், சேலைக் கடையில் கேட்கிற மாதிரி.

"கோவா?"

"இப்ப மழைங்கக்கா. கடலோரக் கடையெல்லாம் பிரிச்சு மூட்டை கட்டியிருப்பாங்க."

"அந்தமான்?"

"அங்கயும் மழைதான். காத்து பெலமா அடிச்சாக் கப்பலை நிறுத்திருவாங்க."

லட்சத்தீவு என்றதற்கு உதட்டைப் பிதுக்கினாள். மாலத்தீவுக்கு என்னிடம் பாஸ்போர்ட் இல்லை. "டிசம்பர்ல போங்கக்கா, எல்லாமே சூப்பரா இருக்கும்" என்றாள்.

"டிசம்பர்ல இவரு எந்தக் காட்டுல இருப்பாருன்னு இவருக்கே தெரியாது" என்றேன்.

மழை பெய்தால்தான் இவர் வருவார். மழை பெய்தால் கடலுக்குப் போகக் கூடாதாம். என் தலையெழுத்தை எழுதினவனுக்கு வேறு வேலையே இல்லை போலிருக்கிறது.

சௌந்திரத்துக்கே பாவமாகப் போயிருக்க வேண்டும். வேறொரு படத்தை எடுத்துக் காட்டினாள். "மணப்பாடு பாருங்கக்கா. திருச்செந்தூரத் தாண்டி. அந்தப் பக்கம் இப்ப நல்ல வெயிலு."

நீலக் கடல், வெள்ளை மணல், மேட்டின் மேல் ஒரு தேவாலயம். ஆள் நடமாட்டமே இல்லை. சாயங்காலம் அந்த மணலில் இவர் கையைப் பிடித்துக்கொண்டு நடப்பது போல நினைத்துப் பார்த்தேன். மனசு அப்படியே குளிர்ந்துபோனது.

இவர் முகமும் பளிச்சென்று ஆகிவிட்டது. "அட, அந்தப் பக்கம் நமக்குப் போர் ஆர்டர் புடிச்சுக் குடுக்கற ஏஜெண்ட் அண்ணாச்சி இருக்காரு. ரூமு அவரே போட்டுக் குடுத்துருவாரு. மழையில்லாத ஊரு வேற. காலையில ரெண்டே ரெண்டு தோட்டத்துல போருக்கு எடம் மட்டும் பாத்துட்டு வந்துட்டா..." என் முகத்தைப் பார்த்து அங்கேயே நிறுத்திக்கொண்டார்.

"சொல்லுங்க. மீதியையும் சொல்லுங்க."

"அதில்ல மைதிலி, போற எடத்துல சும்மா..."

எனக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறிவிட்டது. "சௌந்திரம், இப்ப எங்க மழை சாஸ்தி?"

"ஏங்கக்கா?"

"கேட்டதுக்குச் சொல்லு."

"கேரளாவுல கண்ணூருப் பக்கந்தான் கொட்டித் தள்ளுது. ஆனாக் கடல்ல காலு வெக்க உடமாட்டாங்க, செவப்புக் கொடி நட்டிருப்பாங்க."

"அங்கயே போடு. கடலப் பாத்த ரூமாப் போடு."

"மழையில போயி என்ன பண்றது?" என்றார் இவர். "ரூமுக்குள்ளயே கெடக்கோணும்."

"கெடப்போம். மழை பேஞ்சாத்தான உங்கள எவனும் கூப்புடமாட்டான்? தரை காஞ்சிருந்தா நீங்க எனக்குக் கெடையாதுங்க. பாதி மலையில காரைத் திருப்பிட்டுப் போனவருதான நீங்க? எனக்குக் கடலு வேண்டாம். நீங்க வேணும்."

சொன்ன பிறகுதான் சௌந்திரம் எதிரில் இருப்பது உறைத்தது. அவள் பிரிண்டருக்குப் பேப்பர் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டாள்.

இவர் மேஜையையே பார்த்தபடி சொன்னார். "நாலு நாளு சேந்தாப்பல ஊட்டுல இருந்தா, உங்கூட என்ன பேசறதுன்னே எனக்குத் தெரியறதில்ல புள்ள. வண்டியப் பத்தின்னாப் பேசுவேன். வேற என்ன தெரியும் எனக்கு? அதனாலதான் போன் வந்தா எந்திருச்சுப் போயிர்றேன்."

இத்தனை வருஷத்தில் இதை ஒரு நாளாவது சொல்லியிருந்தால் என்ன? என் கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. "வண்டியப் பத்தியே பேசுங்க, நான் கேக்கறேன். இத்தனை வருசமா எங்கிட்ட எதைப் பேசுனீங்க, நான் வேண்டாம்னு சொல்றதுக்கு?" என்றேன்.

போனை எடுத்தார். கம்ப்ரசர் சத்தத்திலேயே இருந்து பழகியவர், எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார்.

"அண்ணாச்சி, ஒரு வாரத்துக்கு என்னையக் கூப்புடாதீங்க. போனை அணைச்சு வெச்சிருவேன்."

அந்தப் பக்கம் பதறியது. "ஐயய்யோ, யாருக்கு என்னாச்சு? அம்மை நல்லாத்தான இருக்காவ?"

"எல்லாரும் நல்லா இருக்காங்க. என்ற சம்சாரத்தோட கடலுக்குப் போறேன்."

"சம்சாரத்தோடவா?"

"ஆமாங்க. நாங்க ரெண்டு பேரு மட்டும்."

போனை வைக்கும்போது அவர் காதெல்லாம் சிவந்திருந்தது. நான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

சௌந்திரம் நிமிர்ந்தாள். "அண்ணந்தான் போனையே அணைக்கறேன்னுட்டாரே. அப்ப மணப்பாடே போட்டுரலாமுங்களாக்கா? நல்ல வெயிலு, நீலக் கடலு."

இவரும் நான் என்ன சொல்லப் போகிறேன் என்று ஆசையாகப் பார்த்தார்.

"கண்ணூரே போடு" என்றேன். "இவரை நம்பறேன். வெயிலைத்தான் நம்பறதுக்கில்ல."