அமுக்கிய கை

என் மகளுக்குப் பதினைந்து வயது. ஓட ஆரம்பித்தால் கண்ணுக்குப் பிடிபட மாட்டாள் என்பதால் எல்லோருக்கும் அவள் மின்னல். பயிற்சியில் விழுந்து தொடை வீங்கியது. ஜிம் நடத்தும் என் கணவருக்கு உலகத்தில் உள்ள எல்லா வலியும் சதைப்பிடிப்புதான். அவளைக் குப்புறப் படுக்கவைத்து, கட்டைவிரல் இரண்டாலும் தொடையை மாவு பிசைவதுபோல் பிசைந்தார். அவள் தலையணையைக் கடித்துக்கொண்டு கதறினாள்.

"வலிச்சாதான் விடும்," என்றார். காய்ச்சல் வந்த பிறகும் பிசைந்தார். நான் கத்தினேன்.

"நீ பஸ் ஓட்டுறவ. உடம்பைப் பத்தி உனக்கு என்ன தெரியும்?"

மறுநாள் காலை இருமலோடு ரத்தம் வந்தது. உதடு நீலமாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் நாலு பேர் பிடித்தும் அவள் அடங்கவில்லை. ஜுர வேகத்தில் நர்ஸின் மூக்கில் குத்தினாள், கையில் ஏற்றிய ஊசியைப் பிடுங்கி எறிந்தாள். படுக்கையெல்லாம் ரத்தம்.

டாக்டரம்மா சுற்றி வளைக்காமல் சொன்னார். "கிருமி ரத்தத்துல கலந்து நுரையீரலுக்குப் போயிருச்சு. தொடைக்குள்ள சீழ்க்கட்டி இருக்கு, அங்க இருந்துதான் பரவிக்கிட்டே இருக்கு. இப்பவே திறந்து விடணும். மருந்து மட்டும் போதாது, திறக்கலேன்னா பிழைக்க மாட்டா."

"மூச்சு முட்டுதுன்னு வந்தா காலை வெட்டுவீங்களா? ஓடுற பிள்ளைங்க அவ," என்றார் என் கணவர்.

"அந்த இடத்தை யாராவது அமுக்கினீங்களா?"

அவர் கைகளைப் பின்னால் மறைத்துக்கொண்டார். நான்தான் சொன்னேன். வெட்டச் சொன்னதும் நான்தான்.

ஆபரேஷன் அறை வாசலில் அவர் குறுக்கே நின்றுகொண்டார். அவள் படுத்திருந்த வண்டியைத் தள்ளி வந்தவரின் சட்டையைப் பிடித்துச் சுவரில் மோதினார். தடுக்க வந்த காவலாளிக்குப் பல் உடைந்தது. எனக்கு வழி மறிப்பவர்களைக் கண்டாலே ஆகாது.

"யோவ், தள்ளு," என்றேன். கட்டின நாளிலிருந்து அவரை அப்படிக் கூப்பிட்டதில்லை. அவர் நகரவில்லை. பையிலிருந்த ஸ்டீல் பிளாஸ்க்கை எடுத்து ஓங்கி அடித்தேன். புருவம் கிழிந்து முகமெல்லாம் ரத்தம் வழிந்தது. அப்போதும் வண்டியின் கம்பியை விடவில்லை.

மின்னல் அரைக்கண்ணால் அந்தக் கையைப் பார்த்தாள். உடம்பை ஒடுக்கிக்கொண்டாள்.

"வேணாம்ப்பா. அமுக்காதீங்கப்பா. வலி போயிருச்சு, நான் ஓடுறேன்."

அவர் கை தானாக விட்டது. வண்டியை நானே உள்ளே தள்ளினேன். சக்கரம் அவர் காலில் ஏறி இறங்கியது.

தொடையிலிருந்து கிண்ணம் நிறையச் சீழ் எடுத்தார்கள். நெஞ்சின் இரண்டு பக்கமும் குழாய் செருகினார்கள். வெளியே அவர் வலது கையைச் சுவரில் குத்திக் குத்தி விரலை உடைத்துக்கொண்டார். எனக்கு இரக்கமே வரவில்லை. இன்னும் நாலு குத்து குத்தட்டும் என்றுதான் இருந்தது.

மூச்சுக்காக அவள் தொண்டையில் போட்டிருந்த குழாயை எடுத்த அன்று அவரை உள்ளே விட்டார்கள். கால்மாட்டில் போர்வை விலகியிருந்தது. அதை இழுத்துவிடக் குனிந்தார். மின்னல் கண் திறந்தாள். அவர் கையைப் பார்த்ததும் நல்ல காலால் அவர் முகத்தில் ஓர் உதை விட்டாள்.

அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். உதடு கிழிந்திருந்தது. "உதைக்கிறாடி," என்று சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்து அழுதார். "தெம்பு வந்திருச்சு."

மின்னல் சிரிக்கவில்லை. கரகரத்த குரலில், "அவரை வெளிய போகச் சொல்லும்மா," என்றாள்.