திருந்திவிட்ட திருடன்

திருடன் என்று பெயர் வைத்தவர் சோபாக்காரர்தான். வீட்டுக்கு வந்த அன்றைக்கே அவருடைய செருப்பைக் கவ்விக்கொண்டு ஓடிய நாய்க்குட்டியை வேறு எப்படிக் கூப்பிடுவது? பழைய சோபாக்களைப் பிரித்து, ஸ்பிரிங்கும் ஃபோமும் மாற்றி, புதுத் துணி போர்த்திக் கொடுப்பது அவர் தொழில். துணியை வெட்டித் தைப்பது அவருடைய மனைவி. வீட்டின் முன்கூடம்தான் பட்டறை. அங்கே ஃபோம் துண்டு, நூல்கண்டு, துணியில் கோடு போடும் சாக்பீஸ் என்று எது கீழே விழுந்தாலும் அடுத்த நிமிஷம் திருடன் வாயில் இருக்கும். துரத்தினால் இன்னும் கொண்டாட்டம். காதை மடக்கிக்கொண்டு சோபாக்களுக்கு நடுவே புகுந்து புறப்பட்டு, துரத்துகிறவரை மூச்சு வாங்க வைத்துவிட்டுத்தான் நிற்பான்.

அவனுக்கு இரண்டு வயது முடியவில்லை, வலது கண் சிவந்தது. பட்டறைத் தூசுதான் என்று நினைத்தார்கள். பழைய சோபாவைப் பிரித்தால் பத்து வருஷத்துத் தூசு பறக்கும், மனுஷன் கண்ணே சிவக்கும், நாய்க்குச் சிவக்காதா? ஈரத்துணியால் துடைத்துத் துடைத்து விட்டார்கள். கண் நீலம் பாரித்து, முட்டை மாதிரி புடைத்த பிறகுதான் கால்நடை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். டாக்டரம்மா பேனா மாதிரி ஒரு கருவியைக் கண்ணில் தொட்டும் தொடாமலும் வைத்துப் பார்த்தார்.

"கிளாகோமா. கண்ணுக்குள்ள ஊறுற தண்ணி வெளிய போக வழியில்லாம தேங்கிடுது. அழுத்தம் ஏறி நரம்பை நசுக்கிடுச்சு. இந்தக் கண்ணு போயிடுச்சும்மா. இடது கண்ணுக்கும் வரும். சொட்டு மருந்து விட்டுத் தள்ளிப்போடலாம், எவ்வளவு நாளைக்குன்னு சொல்ல முடியாது."

"இந்த வயசுலயா?" என்றாள் மனைவி.

"சில நாய்ங்களுக்குப் பிறக்கும்போதே இந்தக் கோளாறு கூடவே வந்துடும். நீங்க ஒண்ணும் தப்பு பண்ணல."

சோபாக்காரர் இதையெல்லாம் நம்புகிற ஆளா? தூசுக்குள் வளர்த்தது நான்தானே என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டே வந்தார். அன்று ராத்திரி அவர் தட்டில் போட்ட சோறு அப்படியே இருந்தது. மறுநாளிலிருந்து சொட்டு மருந்து அவர் பொறுப்பு. கட்டையில் ஆணியடித்துக் காய்த்துப்போன கை, கண் இமையைப் பூ மாதிரி விலக்கும். "என் ராசா, ஒரே ஒரு சொட்டு, முடிஞ்சுபோச்சு" என்று அவர் குழைவதைக் கேட்டால், கல்யாணமான புதிதில்கூட இந்த மனுஷன் தன்னிடம் இப்படிப் பேசியதில்லையே என்று அவளுக்குச் சிரிப்பு வரும்.

இடது கண்ணும் போன விஷயம் அவளுக்குத்தான் முதலில் தெரிந்தது. ஒருநாள் மதியம் ஃபோம் துண்டு ஒன்று கத்தரியிலிருந்து நழுவித் திருடன் மூக்குக்கு நேர் எதிரே விழுந்தது. ஃபோம் விழுந்தால் சத்தம் வராது. அவன் தலையைத் திருப்பவே இல்லை.  இன்னொரு துண்டை எடுத்துப் போட்டாள். ம்ஹும்.

சொல்லியிருக்கலாம். ஆனால் அன்றைக்குத்தான் அவர் நாலு வாய் சேர்த்துச் சாப்பிட்டார். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டாள். அந்த நாளை வரவே இல்லை.

சோபாக்காரருக்கு ஒரு பழக்கம். ஒரு வேலையை ஒரே இடத்தில் செய்யமாட்டார். வெளிச்சம் எங்கே விழுகிறதோ அங்கே சோபாவை இழுத்துப் போட்டுக்கொள்வார். சாயங்காலத்துக்குள் கூடமே தலைகீழாகிவிடும். பார்வையில்லாத நாய்க்கு இதைவிடக் கொடுமை வேண்டுமா? அவள் சாக்பீஸை எடுத்தாள். திருடன் வழக்கமாக நடக்கும் பாதையை விட்டுவிட்டு, ஒவ்வொரு சோபாக் காலுக்கும் தரையில் ஒரு வட்டம் போட்டாள். அவர் அந்தப் பக்கம் திரும்பினால் போதும், சோபாவை நகர்த்தி வட்டத்துக்குள் நிறுத்திவிடுவாள். பழசு போய்ப் புதுசு வந்தாலும் அதே வட்டத்தில்தான் கால்.

"என்ன இது, தரையெல்லாம் கோலம்?" என்று கேட்டார் ஒருநாள்.

"அளவுங்க" என்றாள்.

இதில் நடந்த வினையைக் கேளுங்கள். திருடன் பாதையைப் பாடம் பண்ணிக்கொண்டான். வாசலிலிருந்து தண்ணீர்க் கிண்ணம்வரை எதிலும் இடிக்காமல் ஜம்மென்று நடந்தான். சோபாக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தியா, மருந்து வேலை செய்யுது! சோபாவைச் சுத்தி எப்படி வளைஞ்சு போறான் பாரு!" என்று வருகிறவர் போகிறவரையெல்லாம் நிறுத்திக் காட்டினார். அவள் தையல் மிஷினைப் பார்த்துக் குனிந்துகொண்டாள்.

அதோடு நாய் சாதுவாகிவிட்டது. எதையும் தூக்குவதில்லை. ஓடுவதில்லை. பெரும்பாலும் தூங்கினான். விழித்திருந்தால் அவள் மடியில் நெற்றியை அழுத்தி வைத்துக்கொண்டு அசையாமல் நிற்பான். என்ன பாசம் என்று அவள் உருகிப்போனாள்.

"நல்ல பிள்ளையா ஆயிட்டான். திருடன் திருந்திட்டான்" என்று பெருமையடித்தார் சோபாக்காரர்.

"திருடனெல்லாம் திருந்திட்டா என் கதி என்னண்ணே? கடையை மூடிட்டுப் போக வேண்டியதுதான்" என்றார் அடுத்த கடைப் பூட்டுக்காரர். எல்லோரும் சிரித்தார்கள்.

மறுபடி காட்டப் போனபோது டாக்டரம்மா சிரிக்கவில்லை. கருவியை இரண்டு தடவை வைத்துப் பார்த்தார்.

"ரெண்டு கண்லயும் அழுத்தம் ரொம்ப அதிகமா இருக்கு. பார்வை சுத்தமா இல்ல. இனிமே மருந்தால பிரயோஜனமில்ல. ரெண்டு கண்ணையும் எடுத்துடறதுதான் அவனுக்கு நல்லது."

"என்னது?" சோபாக்காரர் எழுந்து நின்றுவிட்டார். "கண்ணு தெரியுற நாய்க்குக் கண்ணைப் பிடுங்கறதா? எங்க பட்டறைக்கு வந்து பாருங்க, எப்படி நடக்கறான்னு! உங்க மிஷின்தான் பொய் சொல்லுது. நாய் பொய் சொல்லாது."

டாக்டரம்மா அவரோடு மல்லுக்கு நிற்கவில்லை. அவளிடம் திரும்பினார். "தலையை எதுலயாவது முட்டு கொடுத்துக்கிட்டு நிக்கிறானாம்மா?"

"ஆமா. என் மடியில. ரொம்பப் பாசம்."

"பாசமும் இருக்கும். தலைவலியும் இருக்கும்" என்றார் டாக்டரம்மா. "நமக்கு மண்டையைப் பிளக்கற வலி வந்தா கையால அழுத்திப் பிடிச்சுக்கறோம். அவனுக்குக் கை இல்லையே. கண்ணு தெரியாம அவன் வாழ்ந்துடுவான். இந்த வலியோட வாழறதுதான் கஷ்டம்."

வழி முழுக்க அவர் டாக்டரைத் திட்டிக்கொண்டே வந்தார். அவள் காதில் எதுவும் ஏறவில்லை. வீட்டுக்கு வந்து உட்கார்ந்ததும் திருடன் வந்து நெற்றியை மடியில் அழுத்தினான். அடப்பாவி, இத்தனை நாளும் நீ கொஞ்சவா வந்தாய், வலிக்கிறது என்று சொல்லவா வந்தாய்? அவளுக்குப் பொலபொலவென்று கண்ணீர் கொட்டியது. இவன் முட்டிக்கொள்ளக் கூடாது என்று வட்டம் போட்டோமே, அந்த வட்டத்தை நம்பித்தானே அந்த மனுஷன் வேண்டாம் என்கிறார்? வாயால் சொன்னால் நம்புவாரா? டாக்டர் சொல்லியே நம்பாதவர்.

மறுநாள் காலை அவர் வாசல் பக்கம் உட்கார்ந்து பழைய துணியைப் பிரித்துக்கொண்டிருந்தார். அவள் உள்ளே போய், இருப்பதிலேயே பெரிய, மெத்தென்ற ஃபோமைத் தூக்கி வந்தாள். அதைத் திருடனின் பாதைக்குக் குறுக்கே, நட்டநடுவில் நிறுத்தினாள். 

"என்னங்க, இங்க பாருங்க. கூப்பிடுங்க அவனை."

"டேய், வாடா ராசா" என்றார் அவர்.

திருடன் எழுந்தான். வாலை ஆட்டிக்கொண்டு, வழக்கம்போல் தயங்காமல், நேராக வந்தான். கதவு அகலத்துக்கு மஞ்சளாக நின்ற ஃபோமில் முகம் புதைய முட்டினான். பின்வாங்கினான். மறுபடி முட்டினான். இங்கே இப்படி ஒன்று இருக்காதே என்று திகைத்துப்போய், வந்த வழியே திரும்பவும் பயந்து, அப்படியே நின்றுவிட்டான்.

சோபாக்காரர் கையிலிருந்த குறடு கீழே விழுந்தது. அவர் ஃபோமைப் பார்த்தார், நாயைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். சோபாக் கால்களைச் சுற்றி வெள்ளை வெள்ளையாய் வட்டங்கள்.

"அளவுன்னு சொன்னியே" என்றார்.

"அவனுக்கு அடிபடக் கூடாதுன்னு போட்டேங்க. உங்ககிட்டச் சொல்ல மனசு வரல."

ஒரு வார்த்தை அவளை வைதிருந்தால்கூடப் பரவாயில்லை. அவர் தவழ்ந்துபோய்த் திருடனைக் கட்டிக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி ஓவென்று அழுதார். பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டு, "எழுந்திரு. டாக்டரம்மா கிளம்பறதுக்குள்ள போயிடலாம்" என்றார்.

அறுவை சிகிச்சை முடிந்து வந்தவனை முதலில் பார்க்க அவளுக்குத் தைரியம் இல்லை. கண் இருந்த இடத்தில் தையல், கழுத்தைச் சுற்றிப் புனல் மாதிரி பிளாஸ்டிக். சோபாக்காரர்தான் பக்கத்திலேயே படுத்துக் கிடந்தார். தையல் பிரித்து, புனலைக் கழற்றி, முடி வளர ஆரம்பித்ததும் பார்த்தால், கண்ணை மூடிக்கொண்டு எதையோ யோசிக்கிற முகம் மாதிரித்தான் இருந்தது. இதற்கா இந்தப் பயம் பயந்தோம் என்று இருவருக்கும் தோன்றியது.

இப்போது சோபாவை வட்டத்தில் நிறுத்துவது அவர் வேலை. முப்பது வருஷப் பழக்கத்தை விட்டுவிட்டு, வெளிச்சம் பத்தாத இடத்துக்கு விளக்கை இழுத்துக்கொண்டு போய் வேலை செய்தார். அன்று ஒரு புது சோபா வந்திருந்தது, கால்கள் அகலம். வட்டத்தைப் பெரிதாகப் போட வேண்டும்.

"சாக்பீஸ் எங்கடி?"

"மிஷின் மேலதானே வச்சேன்."

மிஷின் மேல் இல்லை. கீழே குனிந்து தேடினார்கள். சோபாவுக்குப் பின்னாலிருந்து கடக்கென்று ஒரு சத்தம் வந்தது. எட்டிப் பார்த்தால் திருடன். மூக்கெல்லாம் வெள்ளை, வாயில் பாதிச் சாக்பீஸ், காது இரண்டும் பின்னால் மடங்கியிருந்தன.

"திருட்டுப் பயலே!" என்று கத்திவிட்டார் சோபாக்காரர்.

அவ்வளவுதான். எடுத்தான் ஓட்டம். ஒரு சோபாக் காலில் இடித்து, உதறிக்கொண்டு, வளைந்து, வாலைத் தூக்கிக்கொண்டு கூடத்தை ஒரு சுற்று வந்தான். அவர் துரத்தவில்லை. இருந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"எத்தனை மாசம்டி, நல்ல பிள்ளை நல்ல பிள்ளைன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். வலி தாங்காமடி படுத்துக் கிடந்திருக்கான்."

அவள் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். துரத்த யாரும் வராததால் திருடன் நின்றான், மூக்கைத் தூக்கி மோப்பம் பிடித்தான், அவர்களிடமே திரும்பி வந்தான். நெற்றியை அவள் மடியில் வைக்கவில்லை. அவர் காலிலிருந்த செருப்பைக் கவ்வி, இழுத்து உருவிக்கொண்டு ஓடினான்.