குறி இல்லாத சட்டை

கலியாணசுந்தரத்துக்குக் கலியாணமும் ஆகவில்லை, சுந்தரமும் வாய்க்கவில்லை. பெயர் வைத்த அப்பன் ஆசைப்பட்டான், அவ்வளவுதான். மலாக்காவில் காஜா பேராங்கில் அவன் டோபி. ஊர்ச் சட்டையெல்லாம் அவன் கொடியில் காயும். சொந்தச் சட்டை என்று ஒன்று கிடையாது. வெளியே போக வேண்டுமானால், வெளுத்து வைத்ததில் தன் அளவுக்கு ஒத்து வருவதை எடுத்து மாட்டிக்கொள்வான். திரும்பி வந்ததும் மறுபடி துவைத்துவிடுவான். ஒருமுறை ஷம்சுதீன் நானா தன் சட்டையே எதிரே நடந்து வருவதைப் பார்த்து, "சட்டை உனக்குத்தான் எடுப்பா இருக்கு கலியாணம். வெள்ளிக்கெழமைக்கு மட்டும் எனக்குக் குடு" என்றார்.

நானாவின் மளிகைக்கடை இடப்பக்கம். ஆபீசில் கணக்கெழுதும் கிராணி சேதுராமன் வீடு வலப்பக்கம். நடுவில் இவன் துணி காயப்போடும் கொல்லை. சண்டை மலாயாவுக்கு வருவதற்கு முன்பே அந்தக் கொல்லைக்கு வந்துவிட்டது. நானா வெள்ளைக்காரன் கட்சி. சேதுராமன் ஜப்பான்காரன் கட்சி. இருவரும் ஈரவேட்டிகளுக்கு மேலே தலையை நீட்டிக் கத்திக்கொள்வார்கள்.

"சிங்கப்பூருல வெள்ளக்காரன் பீரங்கியப் பாத்திருக்கியா கிராணி? வாயிக்குள்ள நீயே உக்காந்து கணக்கு எழுதலாம்!"

"எழுதலாம் நானா. சுடத்தான் மாட்டான்."

பிறகு இருவரும் சேர்ந்து இவன் பக்கம் திரும்புவார்கள். "டேய், நீ எந்தப் பக்கம்?" என்பார் நானா.

"நான் சயாம்" என்பான் கலியாணசுந்தரம். "வடக்க இருக்குற சயாம்காரன் கெட்டிக்காரன். ரெண்டு பேருக்கும் ஒரு கும்பிடு போட்டுட்டு, சோத்தத் தின்னுட்டுத் தூங்குறான். ரெண்டு பேரு அழுக்கும் எனக்கு அழுக்குதான்."

ஒருநாள் காலையில் ஜப்பான் படை சயாம் கரையில் இறங்கியது. நாட்டைக் கேட்கவில்லையாம், வழிதான் கேட்டதாம். சயாம்காரன் அரைநாள் சுட்டுப் பார்த்தான், பிறகு வழியை விட்டான். அடுத்த மாதம் அவனே வெள்ளைக்காரன் மேல் போர் என்று அறிவித்துவிட்டான்.

சேதுராமன் வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "என்னண்ணே, உங்க சயாம் எந்திரிச்சிருச்சி போலிருக்கே!"

"போற வழியில வீட்டக் கட்டிப்புட்டான் பாவம். வேற என்னா செய்வான்?" என்றான் கலியாணசுந்தரம்.

அதற்குள் மலாக்காவும் விழுந்திருந்தது. நானா கடை அலமாரியில் அரிசி போய் மரவள்ளிக்கிழங்கு உட்கார்ந்தது. சேதுராமனுக்கு ஜப்பான் பாஷை கற்றுக்கொடுத்து, ஆள்பிடிக்கும் ஆபீசில் துபாஷியாகப் போட்டார்கள். ஆசைப்பட்டதைக் கையில் கொடுத்ததும் மனுஷனுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. பண்டார் ஹிலிரில் தங்கியிருந்த ஜப்பான் அதிகாரிகளின் உடுப்புகள் மூட்டை மூட்டையாகக் கலியாணசுந்தரத்திடம் வந்தன. சவுக்காரம் இல்லை. சாம்பலில் வெளுத்து, கிழங்கு மாவில் கஞ்சி போட்டான். அதற்கெல்லாம் அவன் வருத்தப்படவில்லை. கொடிக்கு மேலே இரண்டு தலைகளும் தெரியாமல் போனதுதான் அவனை வாட்டியது. எந்தப் பக்கம் என்று கேட்கவே ஆளில்லாதபோது நடுவில் நிற்பது பெரிய சலிப்பு. சில நாள் அவனே கொடியில் தொங்கும் உடுப்பைப் பார்த்து, "எந்தப் பக்கம் போறீங்க?" என்று கேட்பான். அது காற்றடித்த பக்கம் ஆடும்.

சயாமுக்கு ரயில்பாதை போட ஜப்பான்காரன் ஆள் பிடித்துக்கொண்டிருந்த சமயம். போனவன் ஒருவனும் திரும்பவில்லை. ஒரு சாயங்காலம் வேலியைப் பிளந்துகொண்டு ஒருவன் கொல்லைக்குள் விழுந்தான். ஆள் கதவு மாதிரி இருந்தான். சட்டையின் ஒரு கை கிழிந்திருந்தது.

"சத்தம் போடாதீங்கண்ணே. வழி மட்டும் குடுங்க, போயிர்றேன்."

கலியாணசுந்தரத்துக்கு இந்தப் பேச்சை எங்கேயோ கேட்டமாதிரி இருந்தது.

பெயர் தேவதாஸ். குருபோங் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டுகிறவன். சயாமுக்குப் போகும் லோரியிலிருந்து குதித்துவிட்டான். பெண்டாட்டி பூங்காவனத்துக்கு நிறைமாதம். முச்சந்தியில் சிப்பாய்கள் நின்றார்கள். அன்றைக்குப் போக முடியாது. மறுநாளும் நின்றார்கள். வழி கேட்டவனுக்குப் பாய் போட வேண்டியதாயிற்று, பாய் போட்டவனுக்குக் கிழங்கு அவிக்க வேண்டியதாயிற்று. அரைநாள்கூட எதிர்த்து நிற்காமல் முழுதாக விட்டுக்கொடுத்துவிட்டோமே என்று கலியாணசுந்தரம் தன்னைத்தானே கிண்டல் செய்துகொண்டான்.

ஆனால் கிழங்கைத் தட்டில் போட்டதும் அந்தத் தடியன், "நீங்க சாப்டீங்களாண்ணே?" என்று கேட்டான். அந்த வீட்டில் அப்படி ஒரு சத்தம் கேட்டு எத்தனை காலம்! அடுப்படிக்குப் போய், புகையே இல்லாத அடுப்பை ஊதிவிட்டு வந்தான் கலியாணசுந்தரம்.

பதில் மரியாதைக்கு அவன் தெரிந்ததைத்தான் செய்தான். தேவதாஸின் சட்டையை வாங்கி, நாலு பேர் சட்டைக்குப் போடும் உழைப்பைப் போட்டு வெளுத்தான். டோபி கொடியில் ஏறும் ஒவ்வொரு துணிக்கும் கழுத்தோரம் சேராங்கொட்டை மையில் ஒரு குறி இருக்கும். நானாவுக்கு மூன்று புள்ளி, கிராணிக்குப் புள்ளியும் கோடும். குறி குத்த ஊசியை எடுத்தவன் கீழே வைத்துவிட்டான். வாடிக்கைக்காரனுக்குத்தானே குறி? இவன் விருந்தாளி. சட்டையைச் சும்மாவே வெயிலில் போட்டான்.

மத்தியானம் சேதுராமன் வேலியோரம் வந்தார், இரண்டு சிப்பாய்களோடு. ஒரு சிப்பாய் கையில் கிழிந்த துணித்துண்டு. சிப்பாய்கள் கிணற்றடியில் தண்ணீர் குடிக்க, சேதுராமன் கொடியோரமாகவே நடந்து வந்தார். அந்தச் சட்டையிடம் வந்ததும் கழுத்தைத் திருப்பிப் பார்த்தார். குறி இல்லை. கையைப் பார்த்தார். கிழிசல்.

"யாரோடதுண்ணே இது?" என்றார் மெல்ல.

உள்ளே, அதிகாரிகளின் உடுப்புக் குவியலுக்கு அடியில் தேவதாஸ் மூச்சை அடக்கிக் கிடந்தான்.

'எனக்கென்ன தெரியும், நான் சயாம்' என்று சொல்லியிருக்கலாம். அந்த வார்த்தை நாக்குவரை வந்தது. கூடவே 'சாப்டீங்களாண்ணே'யும் வந்தது.

"என்னோடது."

"நீங்க என்னைக்கிண்ணே சொந்தமா சட்ட வெச்சிருந்தீங்க?" சேதுராமன் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. குரலைத் தாழ்த்தினார். "புரியாம பேசாதீங்க. இந்தச் சட்டைக்காரன்தான் லோரியிலருந்து குதிச்சவன். இது உங்களோடதுன்னா குதிச்சது நீங்கன்னு ஆயிரும். வாய மாத்திக்குங்கண்ணே, உங்கள கும்பிட்டுக் கேக்குறேன்."

கலியாணசுந்தரம் தன் குச்சிக் கால்களைப் பார்த்தான். இவற்றை வைத்துக்கொண்டு லோரியிலிருந்து குதித்தேன் என்றால் யார் நம்புவார்கள்? ஆனால் சிப்பாய் அதற்குள் துண்டைக் கிழிசலில் வைத்துப் பார்த்துவிட்டான். பொருந்தியது. அவனுக்கு வேண்டியது ஓர் ஆள். அளவெடுக்க அவன் தையற்காரன் இல்லை.

"சொல்லுங்க கிராணி" என்றான் கலியாணசுந்தரம். "நான்தான் குதிச்சேன்னு அவங்க பாஷையில சொல்லுங்க."

சேதுராமன் சொன்னார். சொல்லும்போது சட்டையைத்தான் பார்த்தார், ஆளைப் பார்க்கவில்லை.

ஓர் அறை விழுந்தது. காது இரைந்தது. சட்டையை மாட்டச் சொன்னார்கள். தோள் இவன் முழங்கையில் வந்து நின்றது, கீழ்விளிம்பு முழங்காலைத் தொட்டது. நானா கடைவாசலுக்கு வந்துவிட்டார்.

"நானா!" கலியாணசுந்தரம் வீட்டுக்குள்ளும் கேட்கும்படி கத்தினான். "உள்ள கெடக்குற துணிய யாரும் கலைக்க வேணாம். அசையாம கெடக்கட்டும். இருட்டினப்பறம் நீங்களே வந்து எடுத்து, குருபோங் வாடிக்கைக்காரங்கள்ட்ட சேத்திருங்க. அடுப்புல கெழங்கு இருக்கு. ரெண்டு பேரு சாப்புடலாம்."

குருபோங்கில் அவனுக்கு வாடிக்கையே கிடையாது என்பது நானாவுக்குத் தெரியும். அவர் கண் வீட்டுப் பக்கம் போய்விட்டுத் திரும்பியது. "சேத்துர்றேன் தம்பி" என்றார். இத்தனை வருஷத்தில் அவர் அவனைத் தம்பி என்று கூப்பிட்டதில்லை.

லோரி செமாபோக் வழியாகப் போனது. உள்ளே நெருக்கி நின்றவர்களில் ஒரு முகமும் தெரிந்த முகமில்லை. தான் போவதற்கு அழ யாருமில்லை என்பதில் ஒரு சௌகரியம் இருப்பதாக அவன் நினைத்துப் பார்த்தான். நினைத்த அளவுக்குச் சௌகரியமாக இல்லை.

பக்கத்தில் நின்றவர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "என்னண்ணே, சட்ட இம்புட்டுப் பெருசா இருக்கு? உங்களோடதா?"

கலியாணசுந்தரம் கழுத்தோரத்தைத் தடவிப் பார்த்தான்.

"இல்லீங்க" என்றான். "வீட்டுக்கு வந்தவரோடது. திருப்பிக் குடுக்கணும்."