ஆறு சிலிண்டர் தூக்கம்

மெத்தைக்காரரின் மனைவிக்குத் தூக்கம் வராது. இதை அவர் வெளியே சொல்லிக்கொள்வதில்லை. கடை வாசலில் "படுத்தால் போதும்" என்று ஆள் உயர எழுத்தில் எழுதி வைத்துவிட்டு, சொந்த வீட்டில் இருபத்திரண்டு வகை மெத்தையும் தோற்றுப்போன கதையை யாரிடம் போய்ச் சொல்வது? பஞ்சு, தேங்காய் நார், ரப்பர், ஸ்பிரிங் என்று எல்லாவற்றிலும் அவள் படுத்துப் பார்த்துவிட்டாள். ஒவ்வொன்றிலும் மரியாதையாகக் கண்ணை மூடிக்கொண்டு, விடியும்வரை ஏதாவது யோசித்துக்கொண்டிருந்தாள்.

அவள் தூங்குகிற இடம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். டெலிவரி லாரியின் முன் சீட்டு.

அந்த லாரி மெத்தைக்காரரைவிட மூத்தது. உருண்டைக் கண், நீளமான மூக்கு, வெயிலில் வெளுத்துத் தும்பைப் பூ ஆகப் பார்க்கும் பச்சை நிறம். மதியம் மூன்று மணிக்கு மெத்தைகளை ஏற்றிக்கொண்டு கிளம்பினால், இரண்டாவது திருப்பத்துக்குள் அவள் தலை கண்ணாடியில் சாய்ந்துவிடும். ஐந்தாவது நிமிடம் தூக்கத்திலேயே வழி சொல்ல ஆரம்பிப்பாள். "அந்த மரத்துகிட்ட இடது பக்கம்." அங்கே மரமே இருக்காது. "பாலத்தை ஏறி இறங்குங்க." ஊரிலேயே பாலம் கிடையாது. ஏழு வருடத்தில் ஒரு தடவைகூட அவள் தூக்கத்தில் சரியான வழி சொன்னதில்லை. அவள் நன்றாகத் தூங்குகிறாள் என்பதற்கு மெத்தைக்காரர் வைத்திருந்த ஒரே அத்தாட்சி அதுதான்.

இப்படி இருக்கையில் ஒருநாள் லாரியின் இன்ஜின் மூன்றாவது கியருக்கும் நாலாவது கியருக்கும் நடுவில் ஒரு பெருமூச்சு விட்டு நின்றது. நின்றது நின்றதுதான்.

மூன்று வாரம் ஆயிற்று. மெத்தை உறை தைப்பது அவள் வேலை. ஒரு மெத்தைக்குள் அளவு நாடாவை வைத்துத் தைத்தாள். இன்னொன்றில் கத்தரிக்கோல். மூன்றாவதை வாங்கிப்போனவர் நான்கு நாள் கழித்து வந்து, "உள்ளே கடிகாரம் ஓடுதே, இது புது மாடலா?" என்று ஆர்வமாகக் கேட்டார். மெத்தைக்காரர் ஆமாம் என்றார். அன்றே மச்சினனின் ஷெட்டுக்குக் கிளம்பினார்.

மச்சினன் அவள் தம்பி, மெக்கானிக். ஊரில் அவன் பெயர் மிச்சம். எந்த வண்டியைப் பிரித்து மாட்டினாலும் கடைசியில் ஒரு போல்ட்டாவது கையில் மிஞ்சும். அதைத் துடைத்து, வண்டிக்காரரிடமே பத்திரமாகக் கொடுத்துவிடுவான். நேர்மையானவன்.

ஷெட்டின் நடுவே இரும்புச் சட்டங்களில் இரண்டு இன்ஜின்கள் உட்கார்ந்திருந்தன. பெரியது ஓய்வுபெற்ற தீயணைப்பு வண்டியிலிருந்து வந்தது, ஆறு சிலிண்டர். சின்னது ரொட்டி வண்டியுடையது, நாலு சிலிண்டர். பக்கத்தில் போய் முகர்ந்தால் இன்னும் லேசாக ரொட்டி வாசம் வரும் என்றான் மிச்சம். மெத்தைக்காரர் முகரவில்லை. அவர் பெரியதைப் பார்த்துவிட்டார்.

பார்த்த மாத்திரத்தில் அவர் அங்கே இல்லை. மலைப்பாதையில், பன்னிரண்டு மெத்தைகளோடு, மூச்சு வாங்கி நிற்கும் பஸ்களை ஒவ்வொன்றாகத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார். மேகம் ஜன்னல் வழியாக உள்ளே வந்து மெத்தைகளைத் தொட்டுப் பார்த்தது.

"மாமா, நீங்க ஏத்தறது பஞ்சு" என்றான் மிச்சம். "அதுக்கெதுக்கு நெருப்பு அணைக்கிற இன்ஜின்?"

"பஞ்சுக்குத்தானேடா நெருப்பு பயம்?"

"உங்களை எதுல சேக்கறதுன்னே தெரியல. அக்காவைக் கேளுங்க. அவதானே தூங்கணும்."

அது சரியென்று பட்டது. மறுநாள் மதியம் கடையிலிருந்து ஒற்றை மெத்தை ஒன்று தள்ளுவண்டியில் வந்து, இரண்டு இன்ஜினுக்கும் நடுவில் விரிக்கப்பட்டது. இன்ஜின் வாங்குகிறவர்கள் ஆயில் பார்ப்பார்கள், புகை பார்ப்பார்கள். பக்கத்தில் பெண்டாட்டியைப் படுக்கவைத்துப் பார்ப்பது அந்தக் குடும்பத்தில் மட்டும்தான் நடக்கும்.

அவள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் படுத்தாள். "டேய், புகை இந்தப் பக்கம் வராம பாத்துக்கோ."

பெரியதை முதலில் கிளப்பினார்கள். சுவரில் தொங்கிய ஸ்பானர்கள் ஒவ்வொன்றாகக் கீழே குதித்தன. மேசையிலிருந்த டம்ளர் தானாக நடந்து ஓரத்துக்கு வந்து எட்டிப் பார்த்தது. அவள் எழுந்து உட்கார்ந்தாள்.

"யாரோ என்னைக் கூப்பிட்டாங்களா?"

மெத்தைக்காரர் தானே போய் அதை நிறுத்தினார்.

சின்னது மூடி போட்ட பாத்திரத்தில் தண்ணீர் கொதிப்பதுபோல ஓடியது. லொடலொடப்பு இல்லை, அவசரம் இல்லை. அந்தச் சத்தம் ஷெட்டின் தகரக் கூரைக்குப் போய், வெயிலோடு கலந்து, மறுபடி கீழே இறங்கியது. டயர் பஞ்சர் ஒட்ட வந்திருந்த ஒரு வாடிக்கையாளர் பெஞ்சிலேயே சரிந்தார். மிச்சம் நின்றபடியே, கையில் ஸ்க்ரூடிரைவரோடு, கதவில் சாய்ந்து குறட்டை விட்டான்.

"நேரா போய் ரெண்டாவது இடது" என்றாள் அவள். நேரே ஷெட்டின் சுவர்தான் இருந்தது.

விழித்திருந்தது மெத்தைக்காரர் ஒருவர்தான். கொஞ்ச நேரம் அவள் முகத்தைப் பார்த்தார். மூன்று வாரத்துச் சுருக்கம் அதில் ஒவ்வொன்றாக அவிழ்ந்துகொண்டிருந்தது. பிறகு பெரிய இன்ஜினைப் பார்த்தார். சின்னதை அணைத்தார். மூலையில் கிடந்த தார்ப்பாயை எடுத்து உதறி, பெரியதைத் தலைமுதல் அடிவரை மூடி, ஓரங்களை உள்ளே செருகிவிட்டார்.

"ரொட்டி வண்டியோடதே போதும்டா" என்றார், தூங்குகிற மச்சினனிடம்.

லாரியின் நீள மூக்குக்குள் சின்ன இன்ஜின் பாதி இடத்தைத்தான் நிரப்பியது. "மீதிக்கு வாடகைக்கு ஆள் வெச்சுக்கலாம் மாமா" என்ற மிச்சம், கையில் மிஞ்சிய ஒரு போல்ட்டைக் கொடுத்தான். மெத்தைக்காரர் அதை ஸ்டியரிங்குக்கு முன்னால் இருந்த தட்டில் வைத்தார்.

முதல் டெலிவரி. பன்னிரண்டு மெத்தைகளைக் கயிறு போட்டுக் கட்டினால் கனம் ஒன்றுமில்லை. உயரம் மட்டும் ஒரு மாடி வீடு. தெரு முனைவரை எல்லாம் சரியாக இருந்தது. பெரிய சாலைக்கு ஏறியதும் காற்று அந்த மாடி வீட்டைப் பிடித்துக்கொண்டது. சின்ன இன்ஜின் பாவம், வாயால் மூச்சு விட்டது, பிறகு கத்தியது. மூன்றாவது கியரை விட்டால் நின்றுவிடும், மூன்றாவதிலேயே போனால் காது கிழியும். லாரி ஒரு கொசுவை விழுங்கிவிட்டு அதோடு சண்டை போடுவதுபோலப் போயிற்று.

அவள் கண்ணை மூடியிருந்தாள். தலை கண்ணாடியில் சாய்ந்திருந்தது. மெத்தைக்காரருக்கு நெஞ்சு லேசானது.

"ரொட்டிக் கடை தாண்டி வலது பக்கம்" என்றாள்.

வலது பக்கம்தான் போக வேண்டும். ரொட்டிக் கடையும் அங்கேதான் இருந்தது.

மெத்தைக்காரர் வலது பக்கம் திரும்பினார். இன்ஜின் கத்தலையும் மீறி ஏதோ ஒன்று அவருக்குள் அமைதியாக உட்கார்ந்துபோயிற்று. மறுநாளும் சரியான வழி. அதற்கு மறுநாள் ஒரு குறுக்கு வழிகூடச் சொன்னாள். பத்து நிமிடம் மிச்சமாயிற்று. வாடிக்கையாளர்கள் பாராட்டினார்கள். அன்றைக்குத் திரும்பும்போது ஓரமாக நிறுத்தி, இன்ஜினை அணைத்தார்.

"நீ தூங்கல."

"தூங்கினேனே. நல்லாத்தான் தூங்கினேன்."

"வழி சரியா சொன்ன."

அவள் கண்ணைத் திறந்தாள். உள்ளே சிவந்திருந்தது. "ஏங்க, அன்னைக்கு நீங்க இன்ஜினை நிறுத்தினதும் நான் முழிச்சுட்டேன். அந்தப் பெருசுக்குத் தார்ப்பாய் போட்டு, ஓரமெல்லாம் செருகினீங்களே. குழந்தைக்குப் போத்திவிடற மாதிரி. அப்புறம் எந்த வாயால நான் இது வேண்டாம்னு சொல்றது?"

"அதுக்காக நடிப்பியா?"

"நீங்க மட்டும் என்ன, இதை ஓட்டறது ரொம்பப் பிடிச்ச மாதிரி சிரிச்சுக்கிட்டே வரலியா? மூணு நாளா பாக்கறேன், ஓரக்கண்ணால. வாய் வலிக்கலியா?"

வலித்தது. அதை ஒப்புக்கொண்டார்.

மிச்சம் விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தான். "சும்மா உக்காந்திருக்கும்போது எல்லா இன்ஜினும் நல்ல பிள்ளைதான் மாமா. வேலை குடுத்தாத்தான் குரல் தெரியும். உங்க லோடுல கனமில்ல, காத்து இருக்கு. சின்னது அதோட மல்லுக்கட்டி ஓடுது. பெருசு டாப் கியர்ல பேசாம நடந்தே போயிடும்."

"இதை அன்னைக்கே சொல்லித் தொலைச்சா என்னடா?"

"நான் தூங்கிட்டேனே மாமா."

மெத்தைக்காரருக்கு இப்போது வேறு கவலை. தனக்குப் பிடித்ததே சரியான வழியாக வந்து நிற்கும்போது அவர் அதை நம்பமாட்டார். அப்படி ஒன்று அவர் வாழ்க்கையில் முன்பு நடந்ததில்லை. உண்மையிலேயே இவளுக்காகவா, இல்லை அந்த மலைப்பாதைக்காகவா என்று தார்ப்பாயின் முன்னால் நின்று யோசித்தார்.

"போடுங்க" என்றாள் அவள். "தூக்கம் வரலேன்னா இந்தத் தடவை வாயைத் திறந்து சொல்லிடறேன். ஆனா நீங்களும் இப்பவே சிரிக்க வேண்டாம்."

பெரிய இன்ஜின் லாரியின் மூக்கை இண்டு இடுக்கில்லாமல் நிரப்பியது. மிச்சம் இந்த முறை இரண்டு போல்ட் கொடுத்தான். கிளப்பியதும் கதவுகள் நடுங்கின, கண்ணாடிகள் நடுங்கின, அவள் முழுக்க முழுக்க விழித்துக்கொண்டாள். முதல் திருப்பத்தில் விழித்திருந்தாள். இரண்டாவது திருப்பத்திலும் விழித்திருந்தாள். மெத்தைக்காரர் சிரிக்கவில்லை.

பெரிய சாலை வந்தது. காற்று வழக்கம்போல மாடி வீட்டைப் பிடித்தது. அவர் டாப் கியருக்கு மாற்றிக் காலைத் தளர்த்தினார்.

இன்ஜின் குரலைத் தாழ்த்திக்கொண்டது. பக்கத்து அறையில் யாரோ ஒருவர் நீளமான கடிதம் ஒன்றை, அவசரமில்லாமல், தனக்குத்தானே படிப்பதுபோல இருந்தது அது. சாலையோர மரங்கள் பின்னால் போவதை நிறுத்திவிட்டுக் கூடவே வருவதுபோலத் தோன்றியது. மதிய வெயில் முன் சீட்டில் ஏறி அவள் மடியில் படுத்துக்கொண்டது. தட்டிலிருந்த மூன்று போல்ட்டுகளும் ஒன்றையொன்று மெல்லத் தட்டிக்கொண்டே இருந்தன.

அவள் தலை எப்போது கண்ணாடிக்குப் போயிற்று என்று அவருக்குத் தெரியவில்லை. கண் மூடியிருந்தது. ஆனால் கண்ணை மூட அவளுக்குத் தெரியும். அவர் காத்திருந்தார்.

தூரத்தில் ரொட்டிக் கடை தெரிந்தது. அதைத் தாண்டி வலது பக்கம், நாலாவது வீட்டில், ஒரு கணக்கு வாத்தியாரும் அவர் மனைவியும் வெறும் கட்டிலின் இரண்டு ஓரத்திலும் உட்கார்ந்து மெத்தைக்குக் காத்துக்கொண்டிருந்தார்கள்.

"இடது பக்கம் திரும்புங்க" என்றாள் அவள். கொஞ்சம் வாய் திறந்திருந்தது. "ஆத்தங்கரை ஓரமா போங்க."

இடது பக்கம் அவர் இதுவரை போனதேயில்லை. ஆறும் கிடையாது.

மெத்தைக்காரர் இடது பக்கம் கை காட்டி, கியரை மாற்றாமல், மெத்தைகள் குலுங்காமல் திரும்பினார். போல்ட்டுகள் மூன்றும் தட்டின் வலது மூலைக்கு உருண்டுபோய்ச் சேர்ந்தன. அடுத்து எங்கே என்று கேட்காமல், அவள் சொல்லட்டும் என்று ஓட்டிக்கொண்டே போனார்.