காரணமில்லாத இரண்டாம் வருடம்

கல்லூரியில் இரண்டாம் வருடம் நான் படிக்கவில்லை. ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நடந்தது அவ்வளவுதான். இதை மற்றவர்களுக்குப் புரியவைப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

அமெரிக்காவின் வடக்கே டுலூத் நகரத்தில் மேட்டின் மேல் விடுதி. என் ஜன்னலுக்குக் கீழே ஊர் சரிந்து இறங்கும். அது முடியும் இடத்தில் ஏரி. ஏரி என்று சொல்கிறேனே தவிர, மறுகரை தெரியாது. காலையில் ஆய்வுக்கூட வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்று நன்றாகவே தெரியும். எழுந்து ஒரு காலை ஷூவுக்குள் விடுவேன். மறு காலை விடுவதற்குள் மூடுபனியிலிருந்து ஒரு கப்பலின் முனை மட்டும் மெதுவாக வெளியே வரும். முழுக் கப்பலும் வரட்டும், பார்த்துவிட்டுப் போகலாம் என்று உட்காருவேன். இரும்புத்தாது ஏற்ற வரும் கப்பல்கள் லேசில் வந்து முடியாது. அது துறைமுக வாயிலின் தூக்குப் பாலத்தைக் கடந்து, ஊதி, பாலம் பதிலுக்கு ஊதி, எல்லாம் அடங்கும்போது வகுப்பும் முடிந்திருக்கும். நான் ஒற்றை ஷூவோடு அங்கேயே இருப்பேன்.

காதல் தோல்வியா என்றால் இல்லை. குடியா, அதுவும் இல்லை. மனச்சோர்வாக இருக்குமோ என்று ஒரு டாக்டர் கேட்டுப் பார்த்துவிட்டு, நீ நன்றாகத்தான் இருக்கிறாய் என்று அனுப்பிவிட்டார். அந்த வருடம் ஒரு நீண்ட மதியத் தூக்கம் மாதிரி போயிற்று. விழித்துப் பார்த்தால் கரிம வேதியியலில் சி, இயற்பியலில் டி.

இந்த நாட்டில் பட்டப்படிப்பு முடித்த பிறகுதான் மருத்துவக் கல்லூரி. அந்தப் பட்டத்தின் மதிப்பெண்கள்தான் அங்கே முதலில் பேசும். எனக்கோ டாக்டராவதைத் தவிர வேறு ஆசையே இருந்ததில்லை. கப்பல் பார்த்த நாட்களிலும் இருந்தது. அதுதான் யாருக்கும் புரியவில்லை.

எப்படியோ பட்டம் வாங்கிக்கொண்டு அப்பா வீட்டுக்குத் திரும்பினேன். பகலில் முதியோர் இல்லத்தில் உதவியாளர் வேலை, மாலையில் பக்கத்து ஊர்ச் சின்னக் கல்லூரியில் கோட்டைவிட்ட பாடங்களே மறுபடியும். வகுப்பில் ஜன்னல் தெரியாத பெஞ்சாகத் தேடி உட்கார்ந்தேன். வீட்டில் படிக்கும்போது ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டேன். இரண்டிலும் ஏ வாங்கினேன். புது ஏ வந்ததும் பழைய டி அழிந்துவிடும் என்று நம்பியிருந்தேன். என்னைப் போல் தடுக்கி விழுந்த பலபேர் செய்யும் தப்பு இது. அது அழியவே இல்லை. கல்யாணப் புகைப்படத்தில் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் பழைய காதலன் நிற்கிற மாதிரி, ஏ-க்குப் பக்கத்திலேயே கூசாமல் நின்றது.

விண்ணப்பிக்கும் நேரத்தில் கல்லூரி ஆலோசகரிடம் போனேன். மோசமான வருடத்தைத் தேர்வுக்குழு மன்னிக்காது, சோகமான வருடத்தை மன்னிக்கும் என்று அவர் பளிச்சென்று சொல்லிவிட்டார். அந்த வருடம் வீட்டில் யாருக்காவது ஏதாவது ஆகியிருக்குமே, யோசித்துப் பார் என்றார்.

சனிக்கிழமைதோறும் எங்கள் வீட்டில் சவுனா. வீட்டுக்குப் பின்னாலிருக்கும் சின்ன ஏரியின் கரையில் மரக்குடிசை, உள்ளே சூடேறிய கற்களில் தண்ணீர் ஊற்றி, ஆவியில் வியர்க்க வியர்க்க உட்கார்ந்திருப்போம். ஃபின்லாந்திலிருந்து சுரங்க வேலைக்கு வந்த எங்கள் ஆட்கள் தேவாலயத்தை விட்டாலும் இதை விடவில்லை. அது முடிந்து ஈரத்தலையோடு காப்பி குடிக்கும்போது ஆலோசகர் சொன்னதைச் சொன்னேன். பாவம், வீட்டில் அவரவர் நோயைக் கொண்டுவந்து என் முன்னால் கொட்டினார்கள்.

அப்பா வெண்டெல் முந்திக்கொண்டார். "அந்த வருஷம்தானே எனக்குப் பித்தப்பைய எடுத்தாங்க? எடுத்துக்கோ. அப்பன் சாகக் கிடந்தான்னு சொல்லு."

"ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்த மறுநாளே நீங்க மீன் பிடிக்கப் போனீங்கப்பா."

"அது உனக்கும் மீனுக்கும்தான் தெரியும்."

டார்லீன் அத்தை தன் விவாகரத்தையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னாள். அந்த விவாகரத்துக்குக் கேக் வெட்டினோம் அத்தை என்று ஞாபகப்படுத்தினேன். அவள் சிரித்துவிட்டாள். அப்பா சிரிக்கவில்லை. கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்:

"ஐலா, சும்மா உக்காந்திருந்தேன்னு நீ சொன்னேன்னு வச்சுக்கோ. சும்மா உக்காந்திருக்கறவ கையில யாருடி கத்தியக் குடுப்பாங்க?"

எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் என் பயமும் அதுதான். விண்ணப்பத்தில் அந்த வருடத்தைப் பற்றி ஒரு வரியும் எழுதாமல் அனுப்பினேன். நேர்முகத்தில் கேட்டால் பித்தப்பையைச் சொல்லிவிடுவது என்று அப்பாவுக்கு வாக்குக் கொடுத்தேன்.

ஒரே ஒரு கல்லூரி கூப்பிட்டது. மற்றவை எல்லாம் வருந்துகிறோம் என்று சொல்லிவிட்டன. இதுவும் போனால் முதியோர் இல்லம்தான், ஆயுசுக்கும்.

நேர்முக அறையில் டாக்டர் ஹால்வர்சன் என்ற அம்மாள் இருந்தார். குட்டையாக வெட்டிய நரைமுடி, சாந்தமான முகம். அவர் தோளுக்குப் பின்னால் பெரிய ஜன்னல். வெளியே பனி விழுந்துகொண்டிருந்தது. பெரிய பெரிய செதில்கள், அவசரமே இல்லாமல். நிறுத்தியிருந்த கார்கள் ஒவ்வொன்றாக உருவமிழந்து வெறும் வெள்ளை மேடுகளாகிக்கொண்டிருந்தன. என் நேரம் பார்த்தா இப்படி ஒரு ஜன்னலை வைக்க வேண்டும் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டேன்.

முதியோர் இல்லத்தைப் பற்றி விசாரித்தார். படிப்பைப் பற்றி விசாரித்தார். பிறகு கேட்டார்: "அந்த ரெண்டாவது வருஷம் என்ன ஆச்சு?"

பித்தப்பை நாக்கு நுனியில் இருந்தது. அறுவை சிகிச்சை முடிந்த அன்று அப்பா மயக்கம் தெளியாத குரலில் எனக்குப் போன் செய்து, வகுப்புக்குப் போனாயா என்று கேட்டது நினைவுக்கு வந்தது. தன் வலியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை அந்த மனுஷன். அவர் வயிற்றுத் தழும்பைக் காட்டி ஒரு சீட்டு வாங்க எனக்கு மனம் வரவில்லை.

"வீட்ல யாருக்கும் ஒண்ணும் ஆகல, டாக்டர். நான் கப்பல் பார்த்துட்டிருந்தேன்."

"வருஷம் முழுக்கவா?"

"ஏரி உறைஞ்சு கப்பல் வராம போனப்புறம் பனிக்கட்டியப் பார்த்தேன்."

அவர் சிரிக்கவில்லை. பேனாவை மேசைமேல் வைத்தார். "இப்போ அந்தப் பழக்கம் போயிடுச்சா?"

போய்விட்டது என்று சொல்லியிருக்கலாம். யார் வந்து பார்க்கப்போகிறார்கள்?

"போகல. இப்பக்கூட உங்களுக்குப் பின்னாடி பனி விழறதப் பார்த்துட்டுத்தான் இருந்தேன். ஆனா நீங்க கேட்டது காதுல விழுந்துச்சு. அப்போ விழாது. முதியோர் இல்லத்துல ஒருத்தர் மணி அடிச்சா, நான் எங்க இருந்தாலும் திரும்பி வந்துடறேன். இத்தனை வருஷத்துல நான் கத்துக்கிட்டது அது ஒண்ணுதான்."

அவர் நாற்காலியைத் திருப்பி ஜன்னலைப் பார்த்தார். இருவரும் பனியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். என் வாழ்க்கை அந்த அறையில் முடிந்துவிட்டதோ என்று தோன்றியது. ஆனாலும் பனி அழகாக இருந்தது.

வீட்டில் அப்பா கொதித்துப்போனார். தன் பித்தப்பைக்கு என்ன குறைச்சல் என்று கேட்டார். அத்தையிடம், உன் மருமகள் அரிச்சந்திரன் வீட்டில் பிறக்க வேண்டியவள், தவறி இங்கே பிறந்துவிட்டாள் என்கிற தோரணையில் ஏதோ முனகினார். சாப்பாட்டு மேசையில் உப்பைக்கூட என்னிடம் கேட்காமல் எழுந்துபோய் எடுத்தார்.

வசந்தத்தில் காத்திருப்போர் வரிசையில் வைத்திருப்பதாகத் தகவல் வந்தது. யாராவது இடத்தை விட்டுக்கொடுத்தால் கூப்பிடுவார்கள், இல்லையென்றால் இல்லை. ஏரியில் பனிக்கட்டி உடைந்து கரைந்தது. கொசு வந்தது. பிறகு புளூபெர்ரி பழுத்து, அதுவும் முடிந்தது. யாரும் கூப்பிடவில்லை. நான் இன்னொரு பாடத்துக்குப் பெயர் கொடுத்தேன். அப்பா அதைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. அவர் கேட்காமலிருந்தது எனக்குத் திட்டு வாங்குவதைவிட வலித்தது.

ஆகஸ்டில் ஒரு மாலை, படகுத்துறைப் பலகையில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தேன். பின்னால் தடதடவென்று சத்தம். அப்பா என் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேட்டிலிருந்து ஓடி வந்தார். இருமல் மருந்துபோல அதை என் வாய்க்கு நேராக நீட்டினார்.

மருத்துவக் கல்லூரியிலிருந்து ஒரு பெண் பேசினாள். கடைசி நேரத்தில் ஓர் இடம் காலியாகிவிட்டது, திங்கட்கிழமை வகுப்பு தொடக்கம், வருவீர்களா, இப்போதே சொல்ல வேண்டும், இல்லையென்றால் அடுத்தவரைக் கூப்பிடுவேன் என்றாள்.

நீருக்கு மேல் வெள்ளையாக ஆவி எழும்பி, எதிர்க்கரையின் மரங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தது. என் வாயிலிருந்து சத்தமே வரவில்லை.

அப்பா என் தோளைப் பிடித்து உலுக்கினார். "ஐயோ, இப்ப வேண்டாம்டி," என்றார், குரலே இல்லாமல். "என் கண்ணில்ல, திரும்பி வாடி. அவங்க கேக்கறாங்க."

"ஹலோ, லைன்ல இருக்கீங்களா?" என்றாள் அந்தப் பெண்.

"இருக்கேன்," என்றேன். "எங்கயும் போகல. அழறேன், அவ்வளவுதான். வர்றேன்."

அப்பா போனை நீட்டிய கையோடு அப்படியே பலகைமேல் உட்கார்ந்துவிட்டார்.