அறியாமை என்ற கட்டம்

தோட்ட வேலை இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமையில்தான் ஆரோக்கியதாஸ் எங்கள் செம்மநத்தத்துக்கு வந்தார். சேலத்தில் பொது நிர்வாகம் படித்து ஆராய்ச்சி செய்கிறவர். திங்கள்தோறும் கலெக்டர் ஆபீசில் மனு வாங்குகிறார்களே, அதற்கு மலைக்காரர்கள் ஏன் வருவதில்லை என்பதுதான் அவர் கேள்வி.

தண்ணீர்க் குழாய் கேட்டு நான்கு முறை போனதைச் சொன்னேன். மனு வாங்குவது பன்னிரண்டோடு முடிகிறது, எங்கள் பஸ் பன்னிரண்டரைக்குத்தான் போய்ச் சேர்கிறது என்றேன். அவர் தலையாட்டிக்கொண்டே தாளில் ஒரு கட்டத்தில் டிக் போட்டார். நாற்பத்திரண்டு வயதில் முதியோர் வகுப்பில் எழுத்துப் படித்தவள் நான். மெதுவாகத்தான் வரும். குனிந்து கூட்டிப் படித்தேன். அறியாமை.

"ஏனுங்க, நான் சொன்னதென்ன, நீங்க போட்டதென்ன?"

கட்டம் மொத்தம் ஐந்து என்றார். அறியாமை, அச்சம், ஆர்வமின்மை, எழுத்தறிவின்மை, பிற. 'பிற' என்றால் அவருடைய பேராசிரியர் ஏற்கமாட்டாராம். எங்கள் ஊர்க்காரர்கள் வராததற்கு அறியாமைதான் காரணம் என்று பத்து வருடம் முன்பே ஒரு புத்தகம் நிரூபித்துவிட்டதாம். பின்னால் எழுதியவர்களெல்லாம் அதைத்தான் எடுத்துக் காட்டுகிறார்களாம்.

அந்தப் புத்தகக்காரரை எனக்குத் தெரியும். வேலை நாளில் வந்தார். நாங்கள் காட்டுக்குள் காப்பிப் பழம் பறித்துக்கொண்டிருந்தோம். எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் வீட்டில் சாப்பிட்டார், ரைட்டரைக் கேட்டே எழுதினார், போய்விட்டார். அதை நம்பிய ஆபீஸ் நேரத்தை மாற்றவில்லை. மனு என்றால் என்ன என்று எங்களுக்குச் சொல்லித்தர நாடகக்காரர்களை அனுப்பியது. கையில் மனுவை வைத்துக்கொண்டுதான் அந்த நாடகத்தைப் பார்த்தோம்.

"இன்னொரு பொஸ்தவம் இப்படியே வந்தா இன்னொரு நாடகந்தான் வருமுங்க. தண்ணி வராது."

ஒருத்தர் சொல்லுக்காகப் பழைய முடிவை மாற்ற முடியாது, அறுபது பேராவது வேண்டும் என்றார். பக்கத்து வீட்டுப் பெரியண்ணன் போய் ஊரையே கூட்டிவந்தார். எல்லாரும் பஸ்ஸைத்தான் சொன்னார்கள்.

"நாடகத்துல நம்மாளு வேசம் போட்டவன் நொம்ப நல்லா முழிச்சான் சாமி. அவனப் பாத்துத்தான் அறியாமைன்னு எழுதிப்புட்டாங்களோ என்னமோ" என்றார் பெரியண்ணன்.

ஆபீஸ் பதிவேட்டில் செம்மநத்தம் பெயரே இல்லையே என்று ஆரோக்கியதாஸ் குழம்பினார். நாளைக்கு எங்களோடு பஸ்ஸில் வாருங்கள் என்றேன். பெரியண்ணன் வீட்டில் தங்கி, மறுநாள் வந்தார்.

போய் இறங்கும்போது மணி பன்னிரண்டு முப்பத்தைந்து. கிளார்க் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அடுத்த வாரம் வரச் சொல்லி சன்னலைச் சாத்தினார். நாங்கள் வந்ததை எதிலும் எழுதவில்லை.

"வந்தவங்களையே வரலைன்னு ஆக்கிடுறாங்களே" என்றார் ஆரோக்கியதாஸ்.

படியில் உட்கார்ந்து தாளின் பின்பக்கம் எழுதி, என்னிடம் கையெழுத்துக் கேட்டார். படிக்காமல் போடமாட்டேன் என்று வாங்கிப் படித்தேன். பேருந்து நேரம் பொருந்தவில்லை எனச் சிலர் கருதுகின்றனர்.

"சிலருங்களா? அறுபத்திமூணு பேருங்க. கருதறோமுங்களா? சன்னலச் சாத்துனத நீங்களே பாத்தீங்களே."

ஆராய்ச்சியில் அப்படித்தான் எழுதுவது வழக்கம் என்று முனகினார். கையெழுத்துப் போடாமலே பேனாவைத் திருப்பிக் கொடுத்தேன். சாத்திய சன்னலைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அந்த வரியை முழுசாக அடித்தார்.

திரும்பும் பஸ்ஸுக்கு இரண்டு மணி நேரம் இருந்தது. புதிதாக அவர் எழுத எழுத, பக்கத்திலேயே உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்துக்கொண்டிருந்தேன்.