ட்ராக் பாடியவர்

“இப்ப என்ன சொன்னார்?”

“உன்னைத் துரோகின்னு சொன்னார்.”

“அதுக்கு முன்னாடி?”

“அதுக்கு முன்னாடியும் அதேதான். கொஞ்சம் நீட்டிச் சொன்னார்.”

கேட்டவர் கிதார்க்காரர். பதில் சொன்னது அவருடைய அக்கா. துரோகி என்று சொன்னவர் அக்காவின் கணவர். அதே சாப்பாட்டு மேஜையில், கிதார்க்காரருக்குக் கையெட்டும் தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தார். இருபத்தாறு வருஷம் ஒரே ராக் குழுவில் மச்சினன் கிதார் வாசிக்க மாமா பாடியிருந்தார். அந்தப் புதன்கிழமை காலை பதினொன்றரை மணியிலிருந்து மாமாவின் குரல் மச்சினனுக்குக் கேட்காமல் போயிற்று. குழுவின் புதிய ஆல்பத்தில் எட்டாவது பாட்டின் ட்ராக்கை அழித்த நேரம் அது. ஊரில் மற்றவர்களுக்கு அதற்கு முன்பே, பாட்டுக்கு ஒரு கூட்டமாக, கேட்காமல் போயிருந்தது. அன்றைய நிலவரப்படி அவர் பேசினால் காதில் விழக்கூடியவர்கள் உலகத்தில் இரண்டே பேர்: மனைவியும் மகளும்.

ட்ராக் பாடுவது ஒலிப்பதிவுக் கூடங்களில் தினமும் நடக்கிற வேலை. வாத்தியக்காரர்கள் பாட்டில் எந்த இடத்தில் இருக்கிறோம் என்று தடுமாறாமல் இருக்க, ஒருவர் கூடவே பாடிக்கொண்டிருப்பார். வாத்தியங்கள் பதிவாகி முடிந்ததும் அந்தக் குரலை அழித்துவிட்டு அதே இடத்தில் அசல் குரலைப் பதிவு செய்வார்கள். கட்டடம் எழும்பியதும் சாரத்தைப் பிரிப்பதற்கு யாரும் வருத்தப்படுவதில்லை. பாடகரே தன் காலத்தில் இருநூறு ட்ராக்குக்கு மேல் பாடி, அழிக்கச் சொல்லி, அவற்றின் மேல் தானே பாடியிருந்தார். தன் குரலைத் தன் குரலே மூடிக்கொண்டிருந்த வரைக்கும் அவருக்கு ஒரு ஜலதோஷம்கூட வந்ததில்லை.

ஏழு வருஷத்துக்கு முன் ஒரு விளையாட்டு மைதானத்தில், முப்பதாயிரம் பேர் முன்னிலையில், உச்சத்தில் நிறுத்த வேண்டிய ஓரிடத்தில் அவர் குரல் உடைந்தது. கூட்டம் பெருந்தன்மையாகக் கைதட்டியது. அந்தக் கைதட்டலைத்தான் அவரால் மறக்க முடியவில்லை. அதன்பின் குழு மேடை ஏறவில்லை. டிரம்ஸ்காரர் கூரியர் வண்டி ஓட்டினார். பேஸ் கிதார் வாசித்தவர் ஒரு பள்ளியில் குழந்தைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுத்து, அந்தக் குழந்தைகளிடமே திட்டும் வாங்கினார். பிறகு ஒரு நிறுவனம் புதிய ஆல்பம் கேட்டு வந்தது. பத்துப் பாட்டு வேண்டும், ஒன்று குறைந்தாலும் வெளியிட மாட்டோம், பாடகர் மட்டும் புதிதாக இருக்கட்டும் என்றது. ஹோட்டல்களில் இந்தக் குழுவின் பழைய பாட்டுகளை அச்சு அசலாகப் பாடிக்கொண்டிருந்த ஒருவரைக் கிதார்க்காரர் கண்டுபிடித்துக் கூட்டிவந்தார். பகலில் அவருக்கு ஜெராக்ஸ் கடையில் வேலை. பட்டப்பெயருக்கு யாரும் சிரமப்பட வேண்டியிருக்கவில்லை.

ஜெராக்ஸ் நன்றாகவே பாடினார். சிக்கல் மற்றவர்களிடம் இருந்தது. இருபத்தாறு வருஷமாக டிரம்ஸ்காரர் தாளத்தைக் கணக்கு வைத்து அடிக்கவில்லை, பாடகர் மூச்சு இழுக்கும் சத்தத்தைக் கேட்டு அடித்திருக்கிறார். அது அவருக்கே அப்போதுதான் தெரிந்தது. ஜெராக்ஸின் மூச்சுக்கு அவர் கை முந்தி ஓடியது, பேஸ்காரர் பின்தங்கினார், மூன்று வாரத்தில் ஒரு பாட்டுகூடத் தேறவில்லை. அப்போதுதான் கிதார்க்காரர் மாமாவுக்கு போன் செய்தார். “மாமா, புது ஆல்பம் பண்றோம். பத்துப் பாட்டு. நாளைக்கு வந்து ட்ராக் பாடணும்.” அதில் ஒரு பொய்கூட இல்லை என்பதைக் கிதார்க்காரர் பிற்பாடு பலரிடம் சுட்டிக்காட்டினார்.

மறுநாள் காலை மனைவி அவருடைய சட்டையை இரண்டு தடவை இஸ்திரி போட்டாள். அவர் கண்ணாடி முன்னால் நின்று தன் தொப்பையைப் பார்த்து, “நீ மட்டும் பழைய ஆல்பத்துல இல்லையே” என்று கேட்டுச் சிரித்துக்கொண்டு போனார். பதினோரு நாளில் பத்துப் பாட்டும் முடிந்தது. ஒன்பது பாட்டுகளை அவர் வழக்கம்போல அரைக்குரலில், ஒரு கையைப் பேன்ட் பையில் விட்டபடி, தொண்டையை அசல் பதிவுக்குச் சேமித்துக்கொண்டு பாடினார். பத்தாவது மெதுவான பாட்டு. அதில் தன்னை மறந்து முழுக் குரலில் பாடிவிட்டார். உச்சம் வரவேண்டிய இடத்தில் ஒரு படி கீழேயே நின்றார். அங்கே நின்றதுதான் சரி என்று எல்லாருக்கும் தோன்றியது. டிரம்ஸ்காரர் கண்ணில் தூசி என்றார். ஒலிப்பதிவாளர், அந்த வேலையில் பதினெட்டு வருஷம் பழகிய பெண், பாட்டு முடிந்த பிறகும் டேப்பை நிறுத்த மறந்து உட்கார்ந்திருந்தாள். எல்லாரும் அவர் முதுகில் தட்டினார்கள். ஒருவரும் முகத்தைப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து அசல் பதிவுக்கான அழைப்பை எதிர்பார்த்திருந்தார். காலையிலும் மாலையிலும் உப்புத் தண்ணீரில் கொப்பளித்தார், குளிர்ந்ததைத் தொடவில்லை. இரண்டாவது வாரம் முடிவெட்டப் போனார். சுற்றிலும் மட்டும் குறைத்தால் போதும் என்று மூன்று தடவை சொன்னார். முடிவெட்டுகிறவர் அவர் வாயைப் பார்த்தார், கத்தரிக்கோலைப் பார்த்தார், பின் தன் விருப்பத்துக்கு ஒட்ட வெட்டிவிட்டார். ரேடியோவில் அவருடைய பழைய பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. “உங்க பாட்டுத்தான் சார், என்ன குரல்!” என்று முடிவெட்டுகிறவர் கண்ணாடியில் அவரைப் பார்த்துச் சொன்னார். பாட்டு முடிந்ததும் அறிவிப்பாளர், அதே குழு புதிய பாடகரோடு மீண்டும் வருகிறது என்றும் மூன்று பாட்டுகள் தயார் என்றும் உற்சாகமாகச் சொன்னார். பாடகர் துணியை உருவிப் போட்டுவிட்டு எழுந்து கத்தினார். நாற்காலியில் காத்திருந்த நால்வரில் ஒருவர்கூடத் திரும்பவில்லை. பழைய இசைத்தட்டுகள் எல்லாம் எப்போதும்போல நன்றாகக் கேட்டன. கேட்காமல் போனது அவர் வாய் மட்டும்தான்.

தொண்டை மருத்துவர் விளக்கடித்துப் பார்த்தார். ஆ சொல்லச் சொன்னார். குரல்நாண்கள் அதிர்வதைக் கண்ணால் கண்டார், சத்தம் வரவில்லை. அவருக்கு ஒன்றுமில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு, தன் காதைக் காட்ட மாடியில் இருந்த இன்னொரு மருத்துவரிடம் போனார். காரணத்தைக் கண்டுபிடித்தது ஒலிப்பதிவாளர்தான். எந்த ட்ராக்கை எந்த நேரத்தில் அழித்தோம் என்று எழுதி வைக்கும் நோட்டோடு வீட்டுக்கு வந்து, மனைவி சொன்ன நாட்களோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். முதல் பாட்டை அழித்து ஜெராக்ஸின் குரலைப் பதிவு செய்த அன்று, மேடையில் மட்டும் அவரைக் கேட்டவர்களுக்குக் கேட்காமல் போயிருந்தது. இரண்டாவதில் கடைக்காரர்கள். அப்புறம் தெரு, நண்பர்கள், சொந்தக்காரர்கள் என்று வட்டம் உள்ளே வந்துகொண்டிருந்தது. மணிகூடப் பொருந்தியது. டேப்பில் இருபத்துநான்கு தடங்கள். இருபத்துமூன்றை வாத்தியங்கள் எடுத்துக்கொண்டதால் குரலுக்கு ஒன்றே ஒன்றுதான் மிச்சம், அதில் இரண்டு பேர் இருக்க முடியாது. இன்னும் அழிக்காத ஒரு பாட்டை அவள் ரகசியமாக நகல் எடுத்துப் பார்த்தாள். அதில் அவர் நாற்காலியை நகர்த்தும் சத்தம் தெளிவாக இருந்தது, வேறொன்றும் இல்லை.

கிதார்க்காரர் இதை நம்பவில்லை. எட்டாவது பாட்டில் தன் காதுக்கே வந்தபோது நம்பினார். “இன்னும் ரெண்டுதான் மாமா,” என்றார், பல் பிடுங்க வந்தவரிடம் சொல்வதுபோல. “டிரம்ஸ்காரன் ஏழு வருஷமா வண்டி ஓட்டறான். அவனுக்கும் குடும்பம் இருக்குல்ல?” மாமா சொன்ன பதிலை அக்கா எடுத்துச் சொல்லவில்லை. “யோசிக்கிறாராம்,” என்றாள்.

அவளுக்கு அது பழக்கமாகிவிட்டிருந்தது. அவர் பேசுவதை ஊருக்கு எடுத்துச் சொல்லும் வேலை அவளிடம் வந்து சேர்ந்தது, அதை அவள் சற்றுக் கழுவித் துடைத்தே செய்தாள். வாசலை அடைத்து வண்டி நிறுத்திய பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்து “மண்டையில களிமண்ணா?” என்று அவர் கேட்டால், “கொஞ்சம் தள்ளி நிறுத்த முடியுமான்னு கேக்கறார்” என்பாள். அவர் ஒற்றை வார்த்தை சொன்ன இடத்தில் இவள் நான்கு சொன்னாள். நன்றி, தயவுசெய்து எல்லாம் இவள் போட்டது. இவ்வளவு பண்பான மனிதர் என்று இத்தனை நாள் தெரியாமல் போயிற்றே என்று தெருவே பேசிக்கொண்டது. ஜெராக்ஸும் ஒருநாள் வந்தார். பழச்சாறு வாங்கிக்கொண்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, வாசலில் நின்றார். நான்காவது பாட்டில் ஒரு நீண்ட வரிக்கு மூச்சு எங்கே எடுப்பது என்று தெரியவில்லை, கேட்க வேறு ஆள் இல்லை என்றார். பாடகர் அவரை வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டு, பின் உட்காரவைத்து ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுத்தார். ஒரு சத்தமும் கேட்காத ஜெராக்ஸ் அவர் தோள் ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்து, “புரிஞ்சுது சார்” என்றார். உண்மையாகவே புரிந்திருந்தது, அந்த வரியை அடுத்த நாள் ஒரே மூச்சில் பாடினார்.

கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கும் வேலை பார்த்த மகள், ஒன்பதாவது பாட்டுக்கு மறுநாள் பஸ் பிடித்து வந்தாள். போனில் அப்பா பேச்சு பாதியில் நின்றதும் கைபேசியை மாற்றிப் பார்த்திருக்கிறாள். வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். இரண்டு நாள் எழுதிக் காட்டிப் பேசினார்கள். மூன்றாவது நாள், எல்லாரும் செய்த தவறை அவளும் செய்தாள். அவர் பேசுவது கேட்காததால், பேசினால் அவருக்கும் கேட்காது என்று ஊர் தன்னையறியாமல் நினைக்க ஆரம்பித்திருந்தது. கடைகளில் அவருக்கு எதிரிலேயே அவரைப் பற்றிப் பேசினார்கள். அம்மாவும் மகளும் துணி மடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் அதே அறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

“வேற ஒருத்தர்தான் பாடப்போறார்னு, மாமா போன் பண்றதுக்கு முந்தின நாளே நீ அப்பாகிட்ட சொல்லியிருக்கலாம்மா,” என்றாள் மகள், ஒரு துண்டை நான்காக மடித்தபடி.

“தம்பி கெஞ்சினான்டி. பாடி முடிக்கட்டும், அப்புறம் நானே சொல்லிக்கறேன்னான். அந்தப் பதினோரு நாள் அவர் முகத்தைப் பாத்திருக்கணும் நீ. எனக்கு எப்படிடி வாய் வரும்?”

“நானும்தான் வாயை மூடிட்டு இருந்துட்டேன். நீ சொல்லாதன்னியேன்னு.”

பேப்பர் அசைந்தது. பக்கம் திருப்புகிறார் என்று நினைத்து இருவரும் அடுத்த துணியை எடுத்தார்கள். அவர் அதை மடித்து மேஜைமேல் வைத்து, விளிம்பை நகத்தால் அழுத்திவிட்டு எழுந்து போனார். அன்றிலிருந்து மனைவியிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. தன் குரலைக் கேட்கக்கூடிய ஒரே ஆளிடம் அதைத் தராமல் பத்தொன்பது நாள் இருந்தார். மகள் ஊருக்குத் திரும்பினாள். மனைவி வழக்கம்போலச் சமைத்தாள், பேசினாள், பதில் வருவதற்கு இடைவெளி விட்டாள், பிறகு மேலே பேசினாள். குளியலறைக் கதவுக்கு வெளியே நின்றுகூடக் கேட்டுப் பார்த்தாள்; தண்ணீர் விழும் சத்தம்தான் வந்தது.

பத்தாவது பாட்டை ஒலிப்பதிவாளர் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள். டேப் மெஷினில் டேப் உரசிப் போகும் ஹெட் அழுக்கு என்றாள், மோட்டார் சூடாகிறது என்றாள், பெல்ட் வரவேண்டும் என்றாள். பெல்ட் வந்தது. நிறுவனம் தேதி குறித்தது. டிரம்ஸ்காரர் கூரியர் வேலையை விட்டுவிட்டார். கடைசியில் அவள் கிதார்க்காரரிடம் ஒன்று சொன்னாள்: அழிக்கிறேன், ஆனால் பாடினவர் அவர் வாயால் சொன்னால்தான் அந்தப் பொத்தானில் கை வைப்பேன், எழுதிக் கொடுத்தாலும் செல்லாது. கிதார்க்காரர் சிரித்துவிட்டார். அவர் வாயால் சொன்னால் கேட்கக்கூடியவள் ஊரிலேயே ஒருத்திதானே என்றார். அதனால்தான் சொல்கிறேன் என்றாள் அவள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு போன் வந்தது. ஒலிப்பதிவாளரின் குரல் ஸ்பீக்கரில்லாமலே அறை முழுக்கக் கேட்டது. டேப் மெஷினில் ஏற்றியாகிவிட்டது, ஜெராக்ஸ் மைக் முன்னால் நிற்கிறார், கிதார்க்காரர் பக்கத்தில்தான் இருக்கிறார், அண்ணன் வேண்டாமென்றால் வேண்டாம், இப்படியே டேப்பைக் கழற்றி அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுகிறேன், ஆல்பம் போனால் போகட்டும், நீங்கள் கேட்டுச் சொன்னால் போதும் அண்ணி என்றாள். மனைவி போனைக் காதில் வைத்துக்கொண்டே கணவரைப் பார்த்தாள். அவர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். என்ன சொன்னாலும் அதைச் சரிபார்க்க யாருமில்லை என்பது அவளுக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். அவள் வேண்டாமென்று சொன்னால் அந்தக் குரல் ஆயுசுக்கும் அவளுக்கு. அவர் பேச நினைக்கும்போதெல்லாம்.

பத்தொன்பது நாளுக்குப் பிறகு அவர் வாயைத் திறந்தார். குரல் கொஞ்சம் கரகரத்தது, மற்றபடி நன்றாகவே இருந்தது. அதைக் கேட்டதும் அவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

“அழிச்சிடச் சொல்லு,” என்றார்.

அவள் தலையை ஆட்டினாள், ஆமென்றும் இல்லை, இல்லையென்றும் இல்லை. போனில் ஒலிப்பதிவாளர் “அண்ணி?” என்றாள்.

“நான் சொன்னதை அப்படியே சொல்லு,” என்றார் அவர், கடைசிப் பொத்தானைப் போட்டபடி. “இந்த ஒரு தடவை. நீயா எதையும் சேக்காம.”